பாலம் தாண்டும் வரை

அல்பேனியாவில் தேசிய லீக் தொடங்கி அது இரண்டாவது வருஷம். மற்ற ஊர் மைதானங்களில் ஆடு மட்டும்தான் மேயும். எங்கள் வடக்கத்தி ஊரில் மாடும் மேயும். நாங்கள் எதிலும் ஒரு படி மேல். கடைசி ஆட்டத்தில் தோற்காமல் தப்பித்தால் லீக்கில் நீடிக்கலாம். தோற்றால் அணி இறங்கும். தடுப்பாட்டக்காரன் லுலாஷ் இன்னும் கீழே, மாமனாரின் தோல் பதனிடும் கடைக்கு இறங்குவான். லீக்கில் ஆடும்வரை கடைக்கு வர வேண்டாம் என்பது கல்யாணப் பேச்சு. அந்த நாற்றத்துக்குப் பயந்தே அவன் அத்தனை நன்றாக ஆடினான்.

மாமனார் பாஷ்க்தான் அணியை நடத்துபவரும். ஊரில் ஓட்டல் கிடையாது. எதிரணி ஆட்டக்காரர்கள் எங்கள் வீடுகளில்தான் தங்குவார்கள்.

"மாப்ள, கோலாப் போட்டுத் தள்ளுற அந்தத் தெக்கத்திப் பய வாஞ்செல உன் வீட்டுல தங்க வை. ஆட்டுக்கறியும் ராக்கிச் சாராயமும் ஊட்டு. நாளைக்கு அவன் உருளணுமே தவிர ஓடக் கூடாது."

"மாமா, விருந்தாளி ஆச்சே!"

"விருந்துதானே வைக்கச் சொன்னேன்? விஷமா வைக்கச் சொன்னேன்?"

ஆகா, என்ன மூளை! ஆனால் விருந்தாளி ஒரு கிளாஸ் குடித்தால் வீட்டுக்காரனும் ஒன்று குடிக்க வேண்டும் என்ற முறையை மகானுபாவர் மறந்துவிட்டார். மறுநாள் வாஞ்செல் கன்றுக்குட்டியாய்த் துள்ளினான். லுலாஷுக்கு இரண்டு பந்து தெரிந்தது.

உப்பைத் தின்றவன்தான் நினைக்க வேண்டும் என்பார்கள். எங்கள் ஊரில் உப்புப் போட்டவன் தலையில்தான் பாரம். விருந்தாளி ஊர்ப் பாலத்தைத் தாண்டும்வரை அவன் மேல் விழுகிற அடி வீட்டுக்காரன் மானத்தில் விழுந்த அடி. வாங்கிக்கொண்டு சும்மா இருப்பவன் ஆம்பிளையே இல்லை.

ஆட்டம் முடியப் போகிறது, இன்னும் யாரும் கோல் போடவில்லை. வாஞ்செல் பந்தோடு கோலை நெருங்கினான். எங்கள் தெடா ஓடிவந்து அவன் முழங்காலில் ஒரு உதை விட்டான். அருமையான உதை, ஊரே கைதட்டியது. விழுந்த வாஞ்செல் லுலாஷை ஏறிட்டுப் பார்த்தான். ஊரும் கைதட்டலை நிறுத்திவிட்டு லுலாஷைத்தான் பார்த்தது.

லுலாஷ் போய்த் தன் அணிக்காரனான தெடாவின் வாயிலேயே ஒரு குத்து விட்டான்.

நடுவர் வெளியூர்க்காரர், பாவம், ஒன்றும் புரியவில்லை. லுலாஷை வெளியே அனுப்பி, தெற்கத்திக்காரர்களுக்கு ஒரு பெனால்டியும் கொடுத்தார். வாஞ்செலே அடித்தான். கோல். லீக்குக்கு ஒரு கும்பிடு.

ஊரே வரிசையில் வந்து லுலாஷுக்குக் கை கொடுத்தது. வீங்கிய உதட்டோடு தெடா அவனைக் கட்டிக்கொண்டான்.

"தப்பு எம்மேலதான்டா. நீ அடிக்காம விட்டிருந்தா உன்ன நான் மனுஷனாவே மதிச்சிருக்க மாட்டேன்."

கடைசியாகப் பாஷ்க்கும் வந்து கை கொடுத்தார். முறையைக் குறை சொல்ல அவராலும் முடியாதே.

சாயங்காலம் லுலாஷ் விருந்தாளியைப் பாலம்வரை கொண்டுவிடப் போனான். பாஷ்க்கும் பின்னாலேயே வந்தார்.

"அண்ணே, அடுத்த வருஷம் எங்க ஊருக்கு ஆட வர்றப்ப நம்ம வீட்டுலதான் தங்கணும்" என்றான் வாஞ்செல்.

"அதுக்கென்ன தம்பி, வந்துட்டாப் போச்சு" என்று லுலாஷ் சிரித்தான். லீக்கை விட்டே இறங்கியாயிற்று, அடுத்த வருஷம் எங்கே ஆடப் போவது?

வாஞ்செல் நொண்டி நொண்டி நடந்தான். அவனுடைய இரண்டாவது காலும் அந்தப் பக்கத்து மண்ணைத் தொடும்வரை லுலாஷ் பொறுமையாகக் காத்திருந்தான்.

"டேய், நாசமாப் போறவனே! தின்ன வீட்டுக்கே கோல் போட்டுட்டுப் போறியேடா! நீ உருப்படுவியா!"

தொண்டை கட்டும்வரை திட்டினான். பாஷ்க் அவன் தோளில் கை வைத்தார்.

"முடிஞ்சுதா மாப்ள? காலைல கடைக்கு வர்றப்ப பழைய சட்டையாப் போட்டுக்கிட்டு வா."