பேஸ் கிட்டாருக்கு வைத்த சந்தனம்

என் பெண் வைஷ்ணவி பேஸ் கிட்டார் வாசிக்கிறாள் என்று தில்லி ஜனக்புரியில் ஒருத்தர் விடாமல் சொல்லிவைத்திருக்கிறேன். அவள் இருக்கும் பேண்டில் எது அவளுடைய சத்தம் என்று மட்டும் எனக்குத் தெரியாது. டிரம்ஸ் காதைக் கிழிக்கிறது, பேண்டை நடத்தும் ஹரிஷங்கரின் கிட்டார் வீறிடுகிறது, நடுவில் இவள் நாலு தடிக் கம்பிகளைச் சுண்டிக்கொண்டு நிற்கிறாள். முடிந்ததும் எப்படி இருந்தது என்று கேட்பாள். சூப்பர் என்பேன். வேறென்ன சொல்ல?

சின்ன வயதில் வீணை கற்றவள் நான். ஒரு வாத்தியம் புரியாமல் போனால் எனக்கு எரிச்சல் வரும். ஒரு நாள் அவளைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டேன். தலையில் திருகும் சாவிகள் நம் பிரடை, சுருதி சேர்க்க. கழுத்தில் பதித்த கோடுகள் மெட்டு. கம்பிகள் கீழே வந்து உட்காரும் இடம் குதிரை. அதுவரை சரி. வீணையில் நாதம் எழுகிற அந்தக் குடம் எங்கே? குடமே கிடையாதாம், முழுக்கக் கட்டையாம். கம்பிக்கு அடியில் இருக்கும் கறுப்புப் பட்டையில் காந்தம் இருக்கிறதாம், கம்பி அதிர்வதை அதுதான் பிடிக்கிறதாம். ஓரத்தில் இருந்த குமிழ்களில் ஒன்று சத்தத்தைக் கூட்டிக் குறைக்க, இன்னொன்று தொனியை மாற்ற. காந்தம் எப்படிப் பாடும் என்று கேட்டதும், “பாத் மே சொல்றேம்மா” என்று அப்புறத்துக்குத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டாள். தலை இன்னும் சுற்றியதுதான் மிச்சம்.

சரஸ்வதி பூஜை வந்தது. மறுநாள் தசரா. காலனி பூங்காவில் ராவணனைக் கொளுத்துவதற்கு முன் இவர்கள் கச்சேரி. இந்த ஒரு தடவை பார்க்கலாம், பேஸ் எடுபடவில்லை என்றால் இனி கீபோர்டிலேயே சமாளித்துக்கொள்ளலாம் என்று ஹரிஷங்கர் சொல்லியிருந்தான். அதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒத்திகை பார்க்க வேண்டும் என்று கெஞ்சினாள். பூஜையில் வைத்த வாத்தியத்தை விஜயதசமி காலையில் புனர்பூஜை ஆகும்வரை தொடக் கூடாது என்று நானும் விடவில்லை.

சரி, பொட்டு எங்கே வைப்பது? வீணைக்கென்றால் குடத்தில் வைப்போம். இதைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் விளிம்பில் ஒரே ஓர் ஓட்டைதான் இருந்தது. சத்தம் வெளியே வரும் வாய் இதுதான் என்று தீர்மானித்து, குழைத்த சந்தனத்தைத் தாராளமாக அப்பி, மேலே குங்குமமும் வைத்தேன். காலையில் அவள் வெளியே தெரிந்ததைத் துடைத்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். ஆம்ப்ளிஃபயர் ஏற்கெனவே பூங்காவுக்குப் போய்விட்டதால் வாசித்துப் பார்க்க வழியில்லை.

முதல் பாட்டு முழுக்க எனக்கு வழக்கமான குழப்பம். இரண்டாவது பாட்டில் அவள் லேசாகத் திரும்பினாள். எதுவோ போய்விட்டது. டிரம்ஸ் இருந்தது, கிட்டார் இருந்தது, எல்லாம் அந்தரத்தில் நின்றது. நான் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலி அதுவரை அதிர்ந்துகொண்டிருந்ததை, அது நின்றபோதுதான் கவனித்தேன். அதுதான் என் பெண். இத்தனை நாளாக நான் அவளைக் காதில் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பாட்டு பாதியில் நின்றது. அவள் குமிழ்களைத் திருகிப் பார்த்தாள். கேபிளைப் பிடுங்கினாள். அதன் முனையில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. ஹரிஷங்கர் கீபோர்டு வாசிப்பவனுக்கு ஜாடை காட்டுவது தெரிந்ததும் மேடையேறிவிட்டேன்.

“அந்த ஓட்டைல சந்தனம் வச்சது நான்தான்டீ. அதுதான் அதோட வாய்னு நெனச்சேன்.”

“அது கேபிள் மாட்ற எடம்மா.” அழுகை முட்டியது அவளுக்கு. “காந்தம் பிடிக்கறதெல்லாம் அது வழியாத்தான் ஆம்ப்புக்குப் போகும்.”

கொண்டை ஊசியில் கைக்குட்டை நுனியைச் சுற்றி, உள்ளே விட்டுத் துடைத்தேன். காய்ந்த சந்தனம் பொடியாக உதிர்ந்தது. கூட்டத்தில் யாரோ ஜல்தி ஜல்தி என்று அவசரப்படுத்தினார்கள். ராவணன் எங்கேயும் ஓடிவிடப் போவதில்லை. கேபிள் முனையையும் துடைத்துக் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

நாற்காலிக்குப் போக மனமில்லை. மேடை ஓரத்திலேயே நின்று பலகையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டேன். ஹரிஷங்கர் கீபோர்டைக் கையமர்த்திவிட்டு அவளுக்காகக் காத்திருந்தான். அவள் அடிக்கம்பியை ஒரு முறை சுண்டினாள். உடனே என்னைத்தான் பார்த்தாள்.

“வருதாம்மா?”

பலகை என் கையில் அதிர்ந்துகொண்டிருந்தது. சூப்பர் என்று சொல்லத் தோன்றவில்லை.

“வருதுடீ,” என்றேன்.