ஏழாம் எண் மட்டும் எரிந்தது

1

இந்தக் கதை சோம்பலில் பிறந்தது. எங்கள் அலுவலகச் சுவரில் நெட்வொர்க் சாக்கெட் பொருத்திக்கொண்டிருந்தார்கள். இணைப்பு இல்லை, அதனால் எனக்கு வேலையும் இல்லை. சுவரைப் பார்த்தபடி எழுத ஆரம்பித்தேன்:

"மௌனம் என்பது இரண்டு மனிதர்களுக்கு நடுவே ஓடும் மிக நீளமான..."

(வேண்டாம். ஒயரை வைத்துத் தத்துவம் பேசக் கூடாது.)

2

ஒயர்க்காரர் கூடத்தில் பதிமூன்று சாக்கெட்டுகளை மாட்டினார். சுவருக்கு அந்தப் பக்கம், சின்ன அறையில், அதே ஒயர்களின் மறுமுனைகளை, எண்ணுக்கொரு விளக்குள்ள ஒரு பெட்டியில் அவர் மனைவி இணைத்தார். ஒரு ஒயருக்கு இரு முனையிலும் ஒரே எண் இருக்க வேண்டும்.

காலையில் மேலாளர் "இவங்க யாரு?" என்று கேட்டார்.

"சும்மா, கூடமாட ஒத்தாசைக்கு வர்றா சார்."

பாதி வேலை செய்கிற அந்த அம்மாள் அத்தோடு வாயை மூடிக்கொண்டார்.

[இவரைக் கொஞ்சம் சிடுசிடுப்பாகக் காட்ட நினைத்தேன். அந்த 'சும்மா' காதில் விழுந்ததும் மனம் மாறிவிட்டது.]

3

பேசாததால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளாமல் விட்டார்கள். அவர் வாசலிலிருந்து எண்ணினார். மனைவி எதிர்க்கோடியில், ஜன்னலிலிருந்து.

சோதிக்கும்போதும் பேச்சில்லை. அவர் சாக்கெட்டில் கருவியைச் செருகுவார். உள்ளே அதே எண்ணில் விளக்கு எரிந்தால் மனைவி சுவரில் இரண்டு முறை தட்டுவார். என் அவசரத்துக்காக என் மேசையின் ஏழாம் எண்ணை முதலில் பார்த்தார்கள். டக், டக்.

(பதிமூன்றில் ஏழு மட்டும் எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் ஏழுதான்.)

பிறகு ஒன்று. சத்தமில்லை.

"ஒயரெல்லாம் சரியாத்தான் இருக்கு சார். தட்டுறதுக்கு அவளுக்கு மனசு வரல," என்றார் என்னிடம்.

உள்ளே பதிமூன்றில் விளக்கு எரிந்தது. மனைவிக்கு உடனே விளங்கிவிட்டது. ஆனால் சொல்வதற்கு வாயைத் திறக்க வேண்டுமே! இரண்டு மணிக்குள் எல்லாம் எரியாவிட்டால் மேல்மாடி வேலை வேறு ஆளுக்குப் போய்விடும் என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

4

முடிவு ஒன்று: அவர் மன்னிப்புக் கேட்கிறார். (காலையிலிருந்து பார்க்கிறேன். கேட்கிற ஆள் இல்லை.)

முடிவு இரண்டு: நான் போய்ச் சொல்கிறேன். (எனக்கென்ன வந்தது? என் ஏழு எரிகிறது.)

மூன்றாவதை யோசிப்பதற்குள் சுவர் தட்ட ஆரம்பித்தது. மூன்று, ஆறு, ஒன்பது... ஒயர்க்காரர் விரல் விட்டு எண்ணினார். பத்தோடு விரல் தீர்ந்தது. தட்டு தீரவில்லை, பதிமூன்று வரை போனது.

"அம்மா தாயே! எத்தனை தட்டின? எனக்கு ஒண்ணும் புரியல. நீயே சொல்லு."

"நான் என்னத்தச் சொல்ல? ஒத்தாசைக்கு வந்தவதானே!"

அவர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். மேலாளர் அந்த நேரம் பார்த்தா வர வேண்டும்?

"என்னப்பா, ஒரே ஒரு எண்தான் எரியுதாமே? இதுல விவரம் தெரிஞ்ச ஆள் யாரு?"

ஒயர்க்காரர் வாயைத் திறந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் காலடிச் சத்தம் ஒன்று சுவரருகே வந்து நின்றது.

"சார், ................................."

இடம் விட்டிருக்கிறேன். நீங்களே நிரப்புங்கள். சரியாக நிரப்பினால் சுவரில் இரண்டு முறை தட்டும் சத்தம் கேட்கும்.