சங்கரி மேலப்பாளையம் போய்வந்த மத்தியானம்

கைலாசம் மின்வாரியத்தில் கணக்கெடுப்பவர். மேலப்பாளையத்துத் தெருக்களில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து, அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டு வருவார். அந்தத் தெருக்களில் அவருக்கு டீ கொடுக்காத வீடு குறைவு. மனைவி சங்கரியோடு குலவணிகர்புரத்தில் வாடகை வீட்டில் இருந்தார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷமாகியும் அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஆனால் வீட்டில் பேச்சுக்குப் பஞ்சம் கிடையாது. தெருவில் பார்த்ததை எல்லாம் சாயங்காலம் அவளிடம் சொல்லி முடித்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

தொண்ணூற்றேழாம் வருஷம் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் மத்தியானம் கைலாசம் தலையிலிருந்து கால்வரை சகதியோடு, ஒரு காலில் மட்டும் செருப்போடு வாசலில் வந்து நின்றார். சாக்கடை வாடை வீட்டுக்குள் அவருக்கு முன்னால் வந்தது.

"என்ன அத்தான் இது கோலம்? எங்க விழுந்தீக?"

"விழல. நானாத்தான் குதிச்சேன்" என்று சிரித்தார். "வாய்க்கா பாலத்துக்குப் பக்கத்துல ஒரு பொம்பளப் பிள்ள துணி அலசிக்கிட்டு இருந்திருக்கு. படியில வழுக்கி உள்ள போயிட்டு. நாலு பேரு கரையில நின்னு கத்துதானுவளே தவிர ஒருத்தனும் இறங்கல. எப்படி இறங்குவான்? தண்ணி அப்படிக் கருகருன்னு போவுது."

"நீங்க மட்டும் இறங்குனீகளாக்கும்."

"நான் குறுக்குத்துறை ஆத்துல நீந்திப் படிச்சவன்லா."

அவர் குதித்த பாளையங்கால்வாயில் வருவதும் தாமிரபரணித் தண்ணீர்தான். வயல்களைத் தாண்டி வருகிறவரை தெளிவாகத்தான் இருக்கும். ஊருக்குள் நுழைந்ததும் இரண்டு கரையிலிருந்தும் சாக்கடைகள் வந்து விழும். கறிக்கடைக் கழிவும் செத்த எலியும் கோழி இறகும் மிதந்து வரும். அதை ஒதுக்கிவிட்டுத்தான் ஜனங்கள் துவைத்தார்கள், குளித்தார்கள். மழைக்காலத்தில் தெருவில் தேங்கிய தண்ணீரும் சேர்ந்து கொள்ளும்.

சங்கரி வெந்நீர் போட்டு, சோப்புத் தேய்த்து, இரண்டு தடவை அவரைக் குளிக்க வைத்தாள். வலது பாதத்தில் உடைந்த பாட்டில் ஓடு கிழித்திருந்தது. மஞ்சளைக் குழைத்துப் பூசினாள்.

"வாய்க்குள்ளயும் போயிட்டு" என்று முகத்தைச் சுளித்தார். "அந்தப் பிள்ள என் கழுத்தப் பிடிச்சு அமுக்கிட்டு. ரெண்டு பேரும் வயிறு நெறையக் குடிச்சிட்டோம். பேரு மைதீன் பாத்திமா. புதுமனைத் தெரு முக்கு வீடு. அதுக்கு ஒரு கைப்பிள்ள இருக்கு சங்கரி. கரையில கிடந்து அழுதுக்கிட்டு இருந்துச்சு."

அன்று ராத்திரி அவர் சந்தோஷமாகச் சாப்பிட்டார். அவளுக்கும் உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் காய்ச்சல் வந்தது. மழையில் நனைந்த காய்ச்சல் என்று மாத்திரை போட்டார்கள். காய்ச்சலைவிடக் கால்வலிதான் அவரைப் புரட்டியது. கெண்டைக்காலில் சங்கரி கை வைத்தாலே, "பைய, பைய" என்று பல்லைக் கடித்தார். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. பிறகு அந்தச் சிவப்பு மஞ்சளானது. மஞ்சள்காமாலைக்கு எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தாள், சாப்பாட்டில் எண்ணெயையும் உப்பையும் தள்ளினாள். ஒருநாள் காலையில் அவர் சிறுநீர் டீ டிக்காஷன் மாதிரி கொஞ்சமாக வந்ததாகச் சொன்னபோதுதான் பயந்துபோய் ஆட்டோ பிடித்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இன்பமணி என்ற நடுவயது அம்மாள் அவரைப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார், காலை அமுக்கினார். பாதத்துக் காயத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"சாக்கடைத் தண்ணியில, வாய்க்கால் தண்ணியில இறங்குனீங்களா?"

கைலாசம் நடந்ததைத் திக்கித் திக்கிச் சொன்னார்.

டாக்டர் சங்கரியைத் தனியே கூப்பிட்டார். "எலிக்காய்ச்சல்னு நினைக்கேன்மா. எலியோட மூத்திரம் கலந்த தண்ணியில கிருமி இருக்கும். காயம் வழியா, கண்ணு வாய் வழியா உள்ள போயிரும். முதல்லயே வந்தா பென்சிலின்ல சரியாயிரும். இவருக்குக் கிட்னியத் தாக்கிட்டு. பாப்போம்."

"கீழாநெல்லி குடுத்தேனே" என்றாள் சங்கரி.

"யாருக்கும் தெரியாதும்மா. மஞ்சக்காமாலைன்னுதான் எல்லாரும் நினைப்பாங்க." டாக்டர் கேஸ் சீட்டை எடுத்தார். "அந்தப் பிள்ளையும் தண்ணி குடிச்சிருக்குல்லா? அது எப்படி இருக்கு?"

கட்டிலிலிருந்த கைலாசத்துக்கு அது கேட்டுவிட்டது. சங்கரி பக்கத்தில் வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ போய்ப் பாத்துட்டு வா."

"உங்கள இப்படிப் போட்டுட்டு நான் எங்கயும் போமாட்டேன். வேற யார்ட்டயாவது சொல்லி அனுப்புதேன்."

"வேற யாருக்கு வீடு தெரியும்? அந்தப் பிள்ள புருசன் கொழும்புல இருக்கான். மாமியாக்காரியும் அதும் மட்டுந்தான். போயிட்டு வா சங்கரி. நான் இங்கனதான இருக்கேன்."

அவருக்குப் பேசப் பேச மூச்சு வாங்கியது. அதற்காகவே அவள் சரி என்றாள்.

ஆட்டோவில் போகும்போது அவளுக்கு முகம் தெரியாத அந்தப் பெண் மேல் ஆத்திரம் பொங்கியது. மழையில் அப்படி என்ன துணி அலசல்? நன்றாக இருந்தால் வாசலோடு திரும்பிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

புதுமனைத் தெரு முக்கு வீட்டில் பீடி சுற்றும் தட்டு ஒரு மூலையில் கிடந்தது. பாத்திமா பாயில் சுருண்டு படுத்திருந்தாள். இருபது வயதுதான் இருக்கும். குழந்தை அவள் முதுகில் சாய்ந்து விளையாடிக்கொண்டிருந்தது. சங்கரி தான் யார் என்று சொன்னதும் மாமியார் எழுந்து வந்தாள்.

"மீட்டர்க்கார அண்ணாச்சி வீட்டம்மாவா? அல்லா அவுகளுக்கு நீண்ட ஆயுசக் குடுக்கணும். இவளுக்கு மூணு நாளாக் காய்ச்சல். மெடிக்கல்ல மாத்திரை வாங்கிக் குடுத்தேன், நிக்கல."

சங்கரி குனிந்து பாத்திமாவின் கண்ணைப் பார்த்தாள். சிவந்திருந்தது. கெண்டைக்காலில் கை வைத்தாள். "உம்மா!" என்று அலறினாள் அந்தப் பெண்.

"உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். அவுகளும் இப்படித்தான் ஆரம்பிச்சாக."

"வீட்டுல ஆம்பள இல்லயே. என் தம்பி சாயந்தரம் வருவான், அவன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு..."

"சாயந்தரம்வர எனக்கு நேரமில்ல." சங்கரி பாத்திமாவைக் கைகொடுத்து உட்கார வைத்தாள். "அங்க அவுக தனியாக் கிடக்காக. இவளக் கூட்டிட்டு வராம நான் அவுக முகத்துல எப்படி முழிப்பேன்?"

மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். பாத்திமாவைச் சங்கரிதான் தோளில் தாங்கி ஆட்டோவில் ஏற்றினாள். அந்த உடம்பு நெருப்பாகக் கொதித்தது. பாலத்தில் போகையில் ரயில்வே கேட் அடைத்திருந்ததால் லாரிகள் வரிசையாக நின்றன. வண்டி நகரவே இல்லை. கீழே வாய்க்கால் தண்ணீரில் இரண்டு பேர் தலை முழுகிக் குளித்துக்கொண்டிருந்தார்கள். சங்கரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பாத்திமாவைப் பெண்கள் வார்டில் சேர்த்து, முதல் ஊசி போட்டதைப் பார்த்துவிட்டு அவள் ஓடி வந்தபோது, கைலாசத்தைச் சுற்றி இரண்டு நர்சுகள் நின்றார்கள். அவருக்குப் பேச்சுக் குழறியிருந்தது. எதிரில் நிற்பது யார் என்று தெரியாத பார்வை.

"அத்தான், கூட்டிட்டு வந்துட்டேன். ஊசி போட்டாச்சு. கேக்குதா?"

அவர் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

பக்கத்துக் கட்டில்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இம்புட்டு நேரமும் நல்லாத்தான்மா பேசிக்கிட்டு இருந்தாரு. அந்தப் பிள்ளையப் பாத்தாளா, பாத்தாளான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு."

மறுநாள் முழுக்க அவர் நினைவில்லாமல் கிடந்தார். அதற்கடுத்த நாள் மத்தியானம் மழை விட்டு வெயில் அடித்த நேரத்தில் போய்விட்டார்.

பாத்திமா பிழைத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போகிற அன்றுதான் கைலாசம் இறந்ததை அவளுக்குச் சொன்னார்கள்.

கார்த்திகை முடிகிற சமயம் பாத்திமா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குலவணிகர்புரம் வந்தாள். சங்கரி கதவைத் திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. பாத்திமா நடைப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

"அழாத" என்றாள் சங்கரி. "எனக்கு உன்னப் பாத்தா கோவம் வருது பிள்ள. உம்மேல தப்பில்லன்னு தெரியும். ஆனா கோவம் வருது."

"வரட்டும்க்கா."

"அவுக உன்னக் காப்பாத்துனதுக்கு இல்ல. அது அவுக குணம். ஆனா அவுக கடைசியாப் பேசுன அந்த மத்தியானம் நான் பக்கத்துல இல்ல. உன் வீட்டுல இருந்தேன். பதினெட்டு வருசம் தெனமும் எங்கிட்டப் பேசுனவுக. கடைசியில என்னென்ன சொல்ல நெனச்சாகளோ, எவனோ கட்டில்காரன்கிட்ட உன்னப் பத்தியே கேட்டுக்கிட்டு இருந்துட்டுப் போயிட்டாக."

அழக்கூடாது என்றுதான் இத்தனை நாளும் இருந்தாள். சாவு வீட்டில்கூட எல்லோருக்கும் காப்பி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவள். இப்போது கதவைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடிவயிற்றிலிருந்து வந்தது அழுகை. பாத்திமா எழுந்து வந்து தொடப் பார்த்தாள். பிறகு தொடாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். குழந்தை இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தானும் அழ ஆரம்பித்தது.

வெயில் சாய்ந்ததும் பாத்திமா புறப்பட்டாள். "அடுத்த வெள்ளிக்கெழம வாரேன்க்கா" என்றாள்.

சங்கரி குழந்தையைப் பார்த்தாள்.

"பிள்ளைக்குப் பசிக்குது பாரு" என்று சொல்லிவிட்டு, பால் இருக்கிறதா என்று பார்க்க உள்ளே போனாள்.