ஞானதாஸ் வீட்டு வெள்ளம்

1943ஆம் வருஷம் அக்டோபரில் வந்த வெள்ளம் சைதாப்பேட்டையில் வடிந்தது, அடையாற்றில் வடிந்தது, மயிலாப்பூர்த் தெருக்களிலும் வடிந்தது. சாந்தோமில் ஞானதாஸ் வாத்தியார் வீட்டில் மட்டும் வடியவில்லை. முழங்கால் மட்டுக்கு அப்படியே நின்றது. வாசல் கதவை அகலத் திறந்து வைத்தாலும் தண்ணீர் வெளியே ஓடாமல், நிலைப்படியில் கண்ணாடி வைத்து அடைத்தாற்போல் நின்றுகொண்டது. தெருவில் காய்ந்த மணல். ஒரு காலை எடுத்து உள்ளே வைத்தால் ஆறு. மடவை மீன்கள் கூடத்திலிருந்து சமையலறைக்கும் சமையலறையிலிருந்து கூடத்துக்கும் போய்வந்தன. அந்த வாரம் மயிலாப்பூர் மார்க்கெட்டில் கத்தரிக்காய் விலை கன்னாபின்னாவென்று ஏறியிருந்தது. ஜனங்கள் இரண்டு சங்கதியையும் ஒரே மூச்சில் பேசிக்கொண்டார்கள்.

ஞானதாஸ் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவர். ஆனால் சாந்தோம் பரோபகார சங்கத்தின் காரியதரிசி என்று சொன்னால்தான் ஊருக்கு அவரைத் தெரியும். பர்மாவிலிருந்து கால்நடையாக வந்து சேர்ந்தவர்களுக்கு அந்தச் சங்கம் கஞ்சி ஊற்றியது. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியபோது, கூட்டிப்போக ஆளில்லாத கிழவர் கிழவிகளுக்கு வீடு தேடிப் பால் கொண்டுபோய்க் கொடுத்தது. குப்பத்தில் காலரா வந்தால் ஊசி போட டாக்டரை அழைத்து வந்தது. எல்லாவற்றிலும் ஞானதாஸ் முன்னால் நின்றார். அவர் நல்ல மனுஷர் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை, அவருக்கும் இருந்ததில்லை. வெள்ளக் காலத்துக்கு உதவட்டும் என்று சங்கம் ஒரு படகு வாங்கியபோது, ஆற்றுமுகத்துக்குப் பக்கத்து வீடு என்பதால் அதை அவர் கொல்லையில்தான் கட்டிவைத்தார்கள்.

வெள்ளம் வந்த அன்று மத்தியானம் அவர் மனைவி ஃப்ளோரன்ஸ் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேட்டிலிருந்த மாதா கோயிலுக்குப் போய்விட்டாள். வீட்டில் அவர் மட்டும் இருந்தார். படகோட்டி சேட்டு தொப்பலாக நனைந்து ஓடி வந்தான்.

"சார், ஆத்தோரம் குடிசைங்கள்லாம் முழுகிக்கினு கீது. ஜனம் கூரை மேல ஏறிக்கினு கத்துது. வா சார், போலாம்."

ஞானதாஸ் வேட்டியை மடித்துக் கட்டினார். கிளம்பத்தான் கிளம்பினார். அப்போது கூடத்துக்குள் தண்ணீர் நுழைந்தது. சுவரோரம் ஃப்ளோரன்ஸின் சீதனமான ரங்கூன் தேக்கு பீரோ, ஆளுயரக் கண்ணாடி பதித்தது, நின்றுகொண்டிருந்தது. அதன் காலைத் தண்ணீர் தொட்டதை அவர் பார்த்தார்.

"ஒரே ஒரு நடை, சேட்டு. இதக் கோயில் மேட்டுல இறக்கிட்டு நேரா அங்கதான்."

"பீரோவா சார்?" என்றான் சேட்டு. கேட்டுக்கொண்டே ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினான்.

பீரோ படகில் நின்றபடியே போனது. திரும்பி வந்து குடிசைகளின் பக்கம் துடுப்புப் போட்டபோது, கடைசிக் குடிசையின் கூரை இருந்த இடத்தில் வெறும் தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது. மற்றக் கூரைகளில் இருந்தவர்களை எல்லாம் இருட்டும்வரை ஏற்றி ஏற்றிக் கரை சேர்த்தார்கள். கடைசிக் குடிசைக்காரி தேவானை ஒரு பூவரச மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். அவளைக் கைகொடுத்து இழுத்து ஏற்றியவரே ஞானதாஸ்தான். அவள் புருஷன் கபாலி, லஸ் பக்கம் ரிக்‌ஷா இழுத்தவன், மறுநாள் முகத்துவாரத்து மணலில் கிடைத்தான்.

ஊரெல்லாம் தண்ணீர் இறங்கி, காரியதரிசி வீட்டில் மட்டும் நிற்கிறது என்று தெரிந்ததும் சங்கத்து இளைஞர்கள் வாளியும் அண்டாவுமாக வந்துவிட்டார்கள். வரிசையாக நின்று ஒரு வாரம் இறைத்தார்கள். தெரு சேறானதுதான் மிச்சம். உள்ளே ஒரு விரற்கடை குறையவில்லை. கூச்சத்தில் ஞானதாஸ் வாளியைப் பிடுங்கப் போனார். சங்கத் தலைவர், மயிலாப்பூர் வக்கீல் பத்ரிநாராயணன், அவரைப் பிடித்து உட்காரவைத்தார்.

"நீர் சும்மா இரும் ஓய். இத்தனை நாள் ஊருக்கு ஓடி ஓடிச் செஞ்சீர். இன்னிக்கு ஊர் உமக்குச் செய்யறது" என்றார். அவரே ஒரு கம்பளியைக் கொண்டுவந்து ஞானதாஸின் தோளில் போர்த்தினார். அகதிகளுக்கு வாங்கி மீந்த கம்பளி. அது உடம்பில் முள்ளாகக் குத்தியது. முன்னால் ஒரு குவளையில் கஞ்சி வைத்தார்கள். பையன்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் அவர் குடித்தார்.

அடுத்த மாதம் சங்கம் அவருக்கு வெள்ளிப் பதக்கம் போட்டது. வெள்ளத்தில் அவர் காப்பாற்றியவர்களையெல்லாம் அழைத்து முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். தேவானை மட்டும் வரவில்லை. சேட்டு தூணோரம் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவன் ஒருத்தரிடமும் வாயைத் திறக்கவில்லை. அதைத்தான் ஞானதாஸால் தாங்க முடியவில்லை. பதக்கத்தோடு வீட்டுக்கு வந்தபோது தண்ணீர் தொடைவரை ஏறியிருந்தது.

வீட்டில்தான் ஏதோ கோளாறு என்று ஃப்ளோரன்ஸ் நினைத்தாள். மந்தைவெளியில் வேறு வீடு பார்த்துக் குடிபோனார்கள். மறுநாள் காலையில் மந்தைவெளி வீட்டில் தொடையளவு தண்ணீர். சாந்தோம் வீட்டின் தரையோ துடைத்துவிட்டாற்போல் காய்ந்து கிடந்தது. புது வீட்டுக்காரர் போட்ட சத்தத்தில் அன்றைக்கே திரும்பினார்கள். தண்ணீரும் வந்துவிட்டது. சாமான் வண்டி தெரு முனையில் திரும்பும்போதே உள்ளே சலசலப்புக் கேட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். அன்று சாயங்காலம் ஞானதாஸ் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"அந்தப் பீரோவ நான் கேட்டேனா?" என்றாள்.

பிறகு சங்கத்திலும் எழுந்து நின்று சொன்னார். பத்ரிநாராயணன் எழுந்து வந்து அவர் முதுகைத் தட்டி, "யாரானாலும் அதைத்தான் செஞ்சிருப்பா, விட்டுத்தள்ளும்" என்றார். கூட்டத்தில் எல்லாரும் தலையசைத்தார்கள். அத்தனை பேர் மன்னித்த பிறகு அங்கே உட்கார முடியவில்லை. பதக்கத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, காரியதரிசி வேலையையும் விட்டுவிட்டு வெளியே வந்தார்.

தேவானையைப் போய்ப் பார்க்க மட்டும் இரண்டு வருஷம் ஆயிற்று. அதற்குள் உலகச் சண்டை முடிந்துவிட்டது. வீட்டில் கட்டில்களுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்து உயர்த்தியாகிவிட்டது, அடுப்பு சுவர்ப் பலகைக்கு ஏறியாகிவிட்டது. அவரும் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டே பரீட்சைத் தாள் திருத்தப் பழகியிருந்தார். தேவானை புதிதாகக் கட்டிய குடிசை வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் நின்றுகொண்டே, தடுக்கித் தடுக்கிச் சொல்லி முடித்தார். அவள் கை நிற்கவில்லை.

"தெரியும் சார். உன் படகு அந்தாண்ட போச்சு பாரு, அந்தப் பீரோ கண்ணாடில எங்க கூரையே தெரிஞ்சிது. நானும் அந்தாளும் குந்திக்கினு இருந்தது கூடத் தெரிஞ்சிது. கண்ணாடில தெரிஞ்சது இன்னொரு படகு, அதுலயும் ஆளு கீதுன்னு நென்ச்சிக்கினு அவுரு கை ஆட்னாரு."

ஞானதாஸ் அவளைப் பார்த்துக் கைகூப்பினார்.

"இப்ப இன்னான்ற? நான் இன்னா சொல்லணும் உனுக்கு?"

அவள் மீனைச் சட்டியில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவர் வீடு வந்து பார்த்தபோது தண்ணீர் பழையபடி முழங்காலுக்கு இறங்கியிருந்தது. அதற்குக் கீழே இறங்கவில்லை.

நாற்பத்தெட்டாம் வருஷக் கோடையில் சாந்தோம் கிணறுகள் வறண்டன. வறளாதவை உப்புக் கரித்தன. கார்ப்பரேஷன் குழாய் காற்றைத்தான் ஊதியது. குப்பத்துப் பெண்ணொருத்தி பொறுக்க மாட்டாமல் ஞானதாஸ் வீட்டுக்குள் இறங்கி ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தாள். கற்கண்டாக இருந்தது. அன்று முதல் விடிந்ததும் குடங்கள் வந்தன. கூடத்தின் வழியாக வந்து, மொண்டுகொண்டு, கூடத்தின் வழியாகவே போனார்கள். எத்தனை குடம் மொண்டாலும் முழங்காலளவு அப்படியே இருந்தது. சங்கத்திலிருந்து ஆள் வந்து வாசலில் ஒரு போர்டு மாட்டலாமா என்று கேட்டார்கள். ஞானதாஸ் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினார். தூக்க முடியாதவர்களுக்குக் குடம் தூக்கிக் கொடுத்தார். யாராவது நன்றி சொன்னால் காது வரை சிவந்து, கொல்லைப் பக்கம் போய்விடுவார்.

எல்லாரும் வந்து போன பிறகு, கோடை உச்சியில் ஒரு நாள் தேவானை வந்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். நடுக்கூடம் வரை நடந்து குடத்தை அமுக்கினாள். ஞானதாஸ் தூக்கிவிடப் போனார்.

"உடு. நான் தூக்கிக்கிறேன்."

அவர் விலகிச் சுவரோடு ஒட்டி நின்றார். குடம் அவள் இடுப்புக்கு ஏறியது. நிலைப்படி தாண்டியதும் அவள் நின்றாள், திரும்பிப் பார்க்கவில்லை.

"நாளிக்கு வெள்ளன வருவேன். கதவத் தொறந்து வையி."

மறுநாள் விடிவதற்கு வெகுமுன்பே ஞானதாஸ் கதவைத் திறந்து வைத்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் தாழ்ப்பாள் போட்டவர்கள் இல்லை. சாந்தோமுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் குழாய் எங்கே, அரிசிக் கடை எங்கே என்று விசாரிக்கும்போது, நல்ல தண்ணீர் வாத்தியார் வீட்டுக் கூடத்தில், காலையில் போனால் கூட்டம் இருக்காது என்று ஊரில் வழி சொல்கிறார்கள்.