தண்டனைக்கு ஊருக்கு வந்தவன்

கல்லூரிப் பருவம் பாதிகூட முடியாத நவம்பரில், கேம்பிரிட்ஜிலிருந்து பெட்டியும் கையுமாகத் தம்பி ஆஸ்வின் வாசலில் வந்து நின்றதும் ஹெஸ்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தாள்.

யாரும் சாகவில்லை. ஆஸ்வின் துரைதான் கல்லூரி மணிக்கூண்டின் உச்சியில் முதல்வரின் நாற்காலியைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். ஒரு வருடத்துக்கு ரஸ்டிகேட் செய்துவிட்டார்கள். சாப்பாட்டு மேசையில் இதைக் கேட்டதும், சூப்பை வாய்க்குக் கொண்டுபோன அப்பாவின் கரண்டி அந்தரத்திலேயே நின்றது.

இவனைப் படிக்க வைக்கத்தான் ஹெஸ்டரின் படிப்பைப் பதினாலு வயதில் நிறுத்தினார்கள். அவள்தான் கெட்டிக்காரி என்று ஊருக்கே தெரியும், வீட்டுக்கு மட்டும் தெரியாது. போன வாரம் ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியை, சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த வருகிறாயா என்று கேட்டாள். திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும். நீ போனால் மாட்டை யார் கறப்பது என்று அப்பா பேச்சை முடித்துவிட்டார்.

"ரஸ்டிகேட்னா என்னடா?" என்றாள் ஹெஸ்டர்.

பாடம் நடத்தினால் அப்பாவின் கோபம் ஆறும் என்று நினைத்தானோ என்னவோ, அவன் உற்சாகமாகிவிட்டான்.

"லத்தீன்லேர்ந்து வந்த வார்த்தை, அக்கா. 'ரூஸ்'னா நாட்டுப்புறம். அங்க போய் வாழறதை 'ரஸ்டிகாரி'ம்பாங்க. தப்பு பண்ணவனைக் காலேஜை விட்டு கிராமத்துக்கு அனுப்பிடுவாங்க. அதான் தண்டனை."

எந்த வீட்டில் உட்கார்ந்து இதைச் சொல்கிறோம் என்பது அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது.

ஹெஸ்டர் கரண்டியைக் கீழே வைத்தாள். பீட் கிழங்கு பிடுங்கி வெடித்துப்போயிருந்த தன் கைகளைப் பார்த்தாள். படிப்பு நின்று பத்து வருடமாக அடைந்து கிடக்கும் ஊரை, இப்போதுதான் யாரோ சிறை என்று பெயர் சொல்லிக் காட்டிய மாதிரி திகைத்துப்போனாள்.

"நீ நாற்காலி கட்டினே, ஒரு வருஷம். சரி. நான் என்னடா தப்பு பண்ணேன்?"

அப்பா மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். சூப் ஆறிப்போனது.

திங்கட்கிழமை காலை அவள் பால் வாளியைத் தம்பியின் கையில் திணித்தாள். பசு க்ளோவர் உதைப்பாள், வலப்பக்கமாக உட்கார் என்று சொல்லிவிட்டு, தேவாலயத்துக்குப் போடும் கோட்டை மாட்டிக்கொண்டாள். அப்பா வாயைத் திறந்தார்.

"அதான் ஒரு வருஷத்துக்கு ஆள் வந்தாச்சேப்பா," என்றாள் ஹெஸ்டர், படலைத் திறந்துகொண்டே.