அம்மாவும் லிஃப்ட்காரரும்

லேபில் பல் சுடும் அடுப்பு மட்டும் அன்றைக்குப் பழுதாகாமல் இருந்திருந்தால், அம்மா இன்றும் சனிக்கிழமை தவறாமல் சந்தைக்குப் போய்க்கொண்டிருப்பாள். நானும் ஒன்றும் தெரியாமல் நிம்மதியாக இருந்திருப்பேன்.

நான் பல் செய்கிறவள். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதைப் பார்த்துப் பீங்கானில் பல் செய்து, சின்ன அடுப்பில் சுட்டு, பக்கத்துப் பல்லின் நிறத்துக்குச் சாயம் ஏற்றித் திருப்பி அனுப்புவது எங்கள் வேலை. எத்தனையோ பேர் நான் செய்த பல்லால்தான் ருசித்துச் சாப்பிடுகிறார்கள். எனக்கு மட்டும் அந்த ருசி வாய்க்கவில்லை. பசித்தால் சாப்பிடுவேன், நிறைந்தால் எழுந்துவிடுவேன். "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்று அம்மா சொல்லிச் சொல்லி, கழுதைக்கே அலுத்துவிட்டது.

அம்மா நேர்மாறு. வேலை பார்த்த காலமெல்லாம் மருந்துக்கடையில் நின்றவள். கசப்பிலேயே பத்து தினுசு சொல்வாள். ரொட்டியை வாங்கினால் முதலில் தட்டிப் பார்ப்பாள், பிறகு முகர்ந்து பார்ப்பாள், அப்புறம்தான் கடிப்பாள். ஒரு வாய் ஒயினை நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினால், பக்கத்தில் இருப்பவர்கள் எழுப்பலாமா வேண்டாமா என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

அந்தச் சனிக்கிழமை எனக்கு எதிர்பாராத லீவு. நானும் சந்தைக்கு வருகிறேன் என்று கிளம்பினேன்.

"நீ எதுக்குடி? ஒரு நாள் லீவு கிடைச்சிருக்கு, படுத்துத் தூங்கு."

"தூக்கம் வரலம்மா. பை தூக்கவாவது ஒரு ஆள் வேணாமா?"

"பெரிய பை! நாலு உருளைக்கிழங்கு, ஒரு ரொட்டி."

நாலு உருளைக்கிழங்கு வாங்கப் போகிறவள் முத்துத் தோடு போட்டிருந்தாள். அதைக் கவனித்தேன். வயசான காலத்தில் ஆசையாகப் போட்டுக்கொள்கிறாள் என்று சந்தோஷப்பட்டேனே தவிர, வேறொன்றும் தோன்றவில்லை. மரமண்டை என்று என்னைச் சும்மாவா சொன்னார்கள்?

சந்தை வாசலில் நுழைந்ததிலிருந்து அம்மா ஓட்டமும் நடையுமாகத்தான் போனாள். தேன் கடை, காளான் கூடைகள், ஆளுயரத்துக்கு அடுக்கிய ரொட்டிகள் எல்லாவற்றையும் தாண்டி உருளைக்கிழங்குக்காரரிடம் போய் நின்றாள். வாங்கினாள். "போலாமா?" என்றாள்.

"என்னம்மா, வந்ததும் வராததுமா? சீஸ் வாங்கலியா? அதுக்குத்தானே நீ வர்றதே."

"இன்னைக்கு வேணாம்டி."

விட்டேனா? நல்ல பெண்ணாக நடந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு எப்போதாவதுதான் தோன்றும். தோன்றினால் எதிரே இருப்பவர்கள் தப்பிக்க முடியாது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சீஸ் கடைக்குப் போனேன். கடைக்காரம்மா வாட்டசாட்டமான மனுஷி. தட்டு தட்டாகச் சீஸ் வட்டங்கள் முன்னால் இருந்தன. ஒரு வட்டம் என்றால் இரண்டு உள்ளங்கை அகலம், வட்டமாகத்தான் விற்பாள். அம்மாவைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"வாங்கம்மா! பையன் இன்னும் வரலையா? வழக்கம்போல ரெண்டா வெட்டித் தந்துடட்டுமா?"

எனக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. நான் ஒரே பெண்.

அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். அதற்குள் எதிர்ப்பக்கத்து ஒயின் கூடாரத்திலிருந்து ஒருவர் இரண்டு கையிலும் இரண்டு கோப்பையோடு, சிந்திவிடாமல் பார்த்துப் பார்த்து நடந்து வந்தார். "அத்தை, இதை ஒரு வாய் குடிச்சுப் பாருங்க, மழை பெஞ்ச மண்ணு மாதிரி..." என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவர் என்னைப் பார்த்தார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். நான்கு வருஷம் என் கணவராக இருந்தவர். விவாகரத்து ஆன பிறகு அவர் பெயரை வீட்டில் சொல்லவேண்டாம் என்று 'லிஃப்ட்காரர்' என்று நான்தான் வைத்தேன். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் சரி செய்கிறவருக்கு, எங்கள் கல்யாணம் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றபோது கதவைத் திறக்கத் தெரியவில்லை. எனக்கும்தான் தெரியவில்லை.

அடி, உதை, குடி, இன்னொருத்தி என்று எதுவும் கிடையாது. இருந்திருந்தால் சொல்வதற்குச் சுலபமாக இருந்திருக்கும். அவருக்குச் சாப்பாட்டு மேஜையில் மணிக்கணக்காக உட்கார்ந்து பேச வேண்டும். எனக்குப் பத்து நிமிஷத்தில் தட்டைக் கழுவ வேண்டும். இவ்வளவுதான் தொடக்கம். அது வளர்ந்து வளர்ந்து, வேண்டாத பெண்டாட்டி கைபட்டால் குற்றம் கால்பட்டால் குற்றம் என்கிற இடத்துக்கு வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா எங்கள் வீட்டுக்கு வருவாள். அன்றைக்குத்தான் அவர் முகத்தில் வெளிச்சமே வரும். மாமியார் மெச்சிய மருமகள் உலகத்தில் உண்டோ இல்லையோ, மாமியார் மெச்சிய மருமகன் எங்கள் வீட்டில் இருந்தார். இருவரும் ஒரு துண்டு சீஸை வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை பேசுவார்கள். நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருப்பேன். என் கல்யாணத்தில் சந்தோஷமாக இருந்தவர்கள் அவர்கள் இருவரும்தான்.

"நல்லா இருக்கியா?" என்றார் அவர்.

"இருக்கேன்" என்றேன்.

கடைக்காரம்மா ஒன்றும் புரியாமல் கத்தியோடு நின்றாள். அவர் ஒரு கோப்பையை அவள் மேஜையில் வைத்துவிட்டு, "வரேன் அத்தை" என்று போனார். அம்மா உருளைக்கிழங்குப் பையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

வீடு வரைக்கும் நான் வாய் திறக்கவில்லை. கதவைச் சாத்தியதும் திறந்தேன்.

"எவ்வளவு நாளா நடக்குது?"

"நீ என் கூட இருன்னு என்னை இங்க கூட்டிட்டு வந்தியே, அந்த வருஷம். சந்தையில தற்செயலா பார்த்தேன். ரெண்டு பேரும் ஒரே சீஸுக்கு கை நீட்டினோம். முழு வட்டம் ஒருத்தருக்கு ஜாஸ்தி. பாதி பாதி எடுத்துக்கலாம்னாரு."

"அப்புறம் வாரா வாரம் பாதி."

"ஆமா."

"என்னைப் பத்தி என்னென்ன பேசினீங்க?"

"ஒரு வார்த்தை பேசல. பேசக்கூடாதுன்னு முதல் நாளே வெச்சுக்கிட்டோம்."

"பின்ன என்னத்தைப் பேசினீங்க?"

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "சீஸ் பத்திதான்டி" என்றாள்.

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சிரித்திருக்கலாம். சிரித்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். ஆனால் எனக்கு எங்கோ எரிந்தது. நான் கணவனை விட்டுவிட்டு வந்தேன்; அம்மா எதையும் விடவில்லை. ஞாயிறு சனி ஆனது, நான் ஒருத்தி கழன்றுகொண்டேன், மற்றபடி அவர்கள் மேஜை அப்படியே இருந்தது. அதில் ஒரு நாற்காலி குறைந்ததே யாருக்கும் தெரியவில்லை.

"உனக்கு நான் வேணுமா, அவர் வேணுமா? இப்பவே சொல்லு" என்றேன்.

கேட்ட மாத்திரத்தில் அசிங்கமாக இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கேட்கிற கேள்வி. அம்மா என்னைத் திட்டுவாள், நானும் இரண்டு கத்து கத்துவேன், பொழுது விடிந்தால் சரியாகிவிடும் என்று எதிர்பார்த்தேன். அவள் தோடுகளைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள்.

"சரி, இனிமே போகல."

அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பிறகு போகவும் இல்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை, பெருமூச்சு விடவில்லை, சாடை பேசவில்லை. தெருமுனைக் கடையில் விற்கிற பிளாஸ்டிக் உறை போட்ட ரொட்டியை வாங்கி வந்தாள், தட்டாமல் முகராமல் சாப்பிட்டாள். என்னைப் போலவே பத்து நிமிஷத்தில் எழுந்து தட்டைக் கழுவினாள். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. நான் அப்படிச் சாப்பிடுவது என் சுபாவம். அவள் அப்படிச் சாப்பிட்டது எனக்காக.

பரிகாரம் தேட ஆரம்பித்தேன். ஊர்ப் பூங்காவில் வருஷா வருஷம் ஒயின் திருவிழா நடக்கும். லேபில் லீவு சொல்லிவிட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலிலேயே ஆளுக்கொரு கண்ணாடிக் கோப்பை தந்து, கழுத்தில் மாட்டிக்கொள்ள அதற்கு ஒரு துணிப்பையும் தந்தார்கள். கூடாரம் கூடாரமாகப் போய் நீட்ட வேண்டும்; ஒரு வாய் ஊற்றுவார்கள். குடிக்கலாம், அல்லது அங்கே இருக்கும் வாளியில் துப்பலாம். துப்புவதற்கு இவ்வளவு பேர் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்களே என்று எனக்கு ஆச்சரியம். முந்தின நாளே போனில் பார்த்து என்னென்ன சொல்லவேண்டும் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

"அம்மா, இதுல நாவல்பழ வாசனை வருதுல்ல?"

அம்மா கோப்பையைச் சுழற்றி முகர்ந்தாள். "ம், லேசா வருது" என்றாள். ஊற்றிக் கொடுத்த ஒயின்காரர் என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது, வரவில்லை என்று.

அடுத்த கூடாரத்தில் வெள்ளை ஒயின். அம்மா ஒரு வாய் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். எனக்கு உயிர் வந்தது. கண்ணைத் திறந்தவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, பக்கத்தில் திரும்பினாள். என் முகத்தைப் பார்த்தாள். சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, "கால் வலிக்குதாடி? உட்காரலாமா?" என்றாள்.

அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. ருசி என்பது நாக்கில் மட்டும் இருக்கிற சமாச்சாரம் இல்லை போலிருக்கிறது. அதைச் சொன்னால் 'ஆமாம்' என்றோ 'சேச்சே, இல்லவே இல்லை' என்றோ சண்டைக்கு வர ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளை நான் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் கழுத்தில் கோப்பையை மாட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை மதிய இடைவேளையில் சந்தைக்கு ஓடினேன். அவர் சீஸ் கடை ஓரமாக நின்றிருந்தார். வேலைக்கு நடுவில் வந்திருப்பார் போல, சட்டையில் கிரீஸ் கறை இருந்தது.

"அன்னைக்குக் கோபத்துல ஏதோ சொல்லிட்டேன். நீங்களும் அம்மாவும் எப்பவும் போல பாத்துக்கலாம். எனக்கு ஒண்ணும் இல்ல" என்றேன், மூச்சு விடாமல்.

"அத்தைக்கு நான் போன் பண்ணினேன்" என்றார் மெதுவாக. "நானே உன்கிட்ட வந்து பேசறேன், ஒளிச்சதுதான் தப்பு, பாக்கறதுல என்ன தப்புன்னு கேட்டேன். அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? 'எம் பொண்ணு சின்ன வயசுலேருந்து என்கிட்ட இது வேணும்னு ஒண்ணுமே கேட்டதில்ல தம்பி. சட்டை கேட்டதில்ல, பொம்மை கேட்டதில்ல. முதல் தடவையா ஒண்ணு கேட்டிருக்கா. முடியாதுன்னு நான் எந்த வாயால சொல்ல?'ன்னாங்க."

மாப்பிள்ளை என்று கூப்பிட்டவரை அவள் தம்பி என்று கூப்பிட்டிருக்கிறாள். அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

"அவங்க வந்தா எனக்கு சந்தோஷம்தான்" என்றார். "ஆனா நான் கூப்பிட மாட்டேன். நீதான் சொல்லணும்."

லேபுக்குத் திரும்பி, கையில் எடுத்த பல்லின் நிறத்தை இரண்டு முறை தப்பாக ஏற்றினேன். மேஸ்திரி ஒரு மாதிரி பார்த்தார். வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போனேன். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து நானும் இரண்டு உரித்தேன்.

"அம்மா, நான் அன்னைக்குக் கேட்டதைத் திருப்பி எடுத்துக்கறேன். நீ அடுத்த வாரத்துலேருந்து சந்தைக்குப் போ. அவரைப் பாரு."

அவள் கை நின்றது. "அவரைப் போய் பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்படி இருக்காரு?"

அந்தக் கேள்வியில் இருந்த ஆசையைக் கேட்டேன். கேட்டதும் எனக்குள் மறுபடியும் அதே இடத்தில் எரிந்தது. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்றவளிடம் முகத்தை மறைக்க முடியுமா?

"நான் போயிடுவேன்டி" என்றாள். "போறது ஒண்ணும் பெரிசில்ல. ஆனா நான் அங்க போயிருக்கற நேரத்துல நீ பல்லைக் கடிச்சுக்கிட்டு இருப்பேன்னா, எனக்கு ஒரு வாய் உள்ள இறங்காது. அதனால கேக்கறேன். மனசாரத்தான் சொல்றியா?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சந்தைக்கு ஓடும்போது அவ்வளவு நிச்சயமாக இருந்தது. சீஸ் கடை ஓரத்தில் அவர்கள் இருவரும் தலையைச் சாய்த்துக்கொண்டு பேசுவது கண்ணில் வந்தது. அவள் முகத்தில் எனக்காக ஒரு நாளும் வராத அந்த வெளிச்சமும் வந்தது. பொய்யாகவாவது சொல்லியிருக்கலாம். ஊர் உலகத்தில் எத்தனை பிள்ளைகள் எத்தனை பொய் சொல்கிறார்கள்!

அம்மா பொறுமையாக இருந்தாள். அவசரப்படுத்தவே இல்லை. நான் குனிந்து இன்னொரு பட்டாணியை எடுத்து உரித்தேன், அதற்கப்புறம் இன்னொன்று.

"சரி விடு" என்று சொல்லிவிட்டு, தோலையெல்லாம் கையால் கூட்டி அள்ளிக்கொண்டு எழுந்தாள். "ராத்திரிக்கு என்ன பண்ணட்டும்? உனக்கு எதுவா இருந்தாலும் சரிதானே?"