வைஃபையைப் பிடித்துக்கொண்டு நின்றவர்

அந்தத் தெருவில் வயர்மேன் என்றால் அவர் ஒருவர்தான். அவர் வேலை செய்த வீட்டுக்குள் போனால் விளக்கு எரியும், ஃபேன் சுற்றும், ஆனால் ஒரு வயர்கூடக் கண்ணில் படாது. எல்லாம் சுவருக்குள். "கரண்ட் வரணும், வர்ற வழி தெரியக் கூடாது" என்று பெருமை அடிப்பார். சொந்த வீட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பூசிய சுவரைத் தடவிப் பார்த்துத் தன்னைத் தானே மெச்சிக்கொள்வார்.

அந்தச் சுவர்தான் காலை வாரிவிட்டது. ஹாலில் இருந்த இன்டர்நெட் பெட்டியிலிருந்து உள் அறைக் கம்ப்யூட்டருக்கு அவர் இழுத்திருந்த கேபிள், மழை பெய்து ஓய்ந்ததும் செத்துப்போயிற்று. கேபிள் நீளம் போதாமல் நடுவில் ஓர் ஒட்டுப் போட்டு, மேலே சிமென்ட் பூசி மூடியது அவருக்கு மட்டும் தெரிந்த விஷயம். பூச்சு அவ்வளவு நேர்த்தி. எந்த இடத்தில் ஒட்டு என்பது இப்போது அவருக்கே தெரியவில்லை.

மற்ற சமயமாக இருந்தால் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். அவர் மனைவி ஆயத்த ஆடை கம்பெனி ஒன்றில் தையல் பிரிவு சூப்பர்வைசர். மெஷின் இரைச்சலுக்கும் வீட்டு வேலைக்கும் நடுவே படித்து, தொழிற்சாலைப் பாதுகாப்பு அதிகாரி வேலைக்கான எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். வாய்மொழித் தேர்வு மட்டும் பாக்கி. அதுவும் கம்ப்யூட்டர் வழியாக, கதவைச் சாத்திய அறையில், அவள் மட்டும் தனியாக உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். இணைப்பு போய்விட்டால் அடுத்த வருஷம்தான். செல்போனை நம்பலாம் என்றால் அந்த அறைக்குள் சிக்னல் எட்டிக்கூடப் பார்க்காது.

அவள் புலம்பவில்லை. கடைக்குப் போய்க் கட்டைவிரல் அளவில் ஒரு வைஃபை அடாப்டரும், கூடவே நீளமான ஒரு யுஎஸ்பி வயரும் வாங்கி வந்தாள்.

"இத கம்ப்யூட்டர்ல சொருகிட்டா போதும்ங்க. சுவரை உடைக்க வேண்டாம், கேபிள் இழுக்க வேண்டாம்."

"அப்ப இந்த நீள வயர் எதுக்கு?"

"மேசையும் இரும்பு, கம்ப்யூட்டர் டப்பாவும் இரும்பு. பின்னாடி சொருகினா சிக்னல் சரியா வராதாம். இந்த வயர்ல கோத்து உயரமா, வெளிய தெரியற மாதிரி வைக்கணும்னு கடைக்காரர் சொன்னார்."

வயர்மேன் வீட்டில் வயர் தொங்குவதா? நாலு பேர் வந்து போகிற வீடு. அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மேசைக்கும் சுவருக்கும் நடுவே கையை விட்டு, யார் கண்ணுக்கும் படாமல் அடாப்டரைச் சொருகினார். கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொண்டது. பாஸ்வேர்டு கொடுத்ததும் படம் ஓடியது.

"பாத்தியா?" என்று மீசையைத் தடவினார்.

"சிக்னல் ஒரு கோடுதான் காட்டுது."

"ஒண்ணு போதும்மா. சும்மா பயப்படாத."

தேர்வு நாளன்று அந்த ஒரு கோடு ஒன்றே ஒன்று செய்தது. தேர்வு நடத்திய அம்மையார் இரண்டாவது கேள்வியைத் தொடங்கியதும் மாயமாகப் போயிற்று. திரையில் அவர் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

"ஏங்க! ஸ்டூலை எடுத்துக்கிட்டு வாங்க!"

அவர் ஓடி வந்தபோது அவள் நீள வயரைச் சொருகி, நாற்காலி மேல் ஏறி, கதவுக்கு மேலே இருந்த வென்டிலேட்டர் வழியாக அடாப்டரை வெளியே நீட்டிக்கொண்டிருந்தாள். "பிடிங்க. இன்னும் மேல. ஹால் பக்கம் திருப்புங்க. ஆங், அப்படியே! அசையாதீங்க!" நாள் முழுக்க ஆட்களை விரட்டி வேலை வாங்குகிற மனிதர் மறுபேச்சில்லாமல் கதவுக்கு வெளியே ஸ்டூல் மேல் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். ஆணி அடித்து மாட்டலாம் என்றால் சத்தம் கேட்கும். டேப் எடுக்கலாம் என்றால் கையை எடுக்க வேண்டும்.

உள்ளே அம்மையாரின் குரல் திரும்ப வந்தது. "இன்னொரு தடவை போச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா. அது என்ன, உங்க தலைக்கு மேல வயர்?"

"வைஃபை அடாப்டர் மேடம். வெளியில என் வீட்டுக்காரர் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார்."

வயர்மேன் ஸ்டூல் மேலிருந்தே கதவை முறைத்தார். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கக் கூடாதா?

"அவர் என்ன வேலை பார்க்கிறார்?"

"வயர்மேன் மேடம்."

"ஓ! இனிமேதான் மின்சாரக் கேள்வி. அவர் குரல் லேசா கேட்டாக்கூடத் தேர்வை நிறுத்திடுவேன்."

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"மெஷினுக்குப் போற வயர் நீளம் பத்தல. நடுவுல ஒட்டுப் போட்டு, சுவத்துக்குள்ள வெச்சு அழகாப் பூசிட்டாங்க. ஒத்துக்குவீங்களா?"

ஸ்டூல் ஆடுவது போல் இருந்தது அவருக்கு. நன்றாகப் போட்ட ஒட்டுக்கு ஒன்றும் ஆகாது, அப்படிச் சொல்லு என்று நாக்கு துறுதுறுத்தது.

"ஒத்துக்க மாட்டேன் மேடம். ஒட்டு எங்க இருந்தாலும் திறந்து பார்க்கிற மாதிரி பெட்டிக்குள்ள இருக்கணும். பூசி மூடிட்டா சூடாகிறது தெரியாது. தீப்பிடிச்ச பிறகுதான் தெரியும்."

"அனுபவமுள்ள வயர்மேன், ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னா?"

"அவர் அனுபவத்துக்கு மரியாதை உண்டு மேடம். ஆனா மெஷினை நிறுத்திட்டு, சுவரை உடைக்கச் சொல்லுவேன்."

"இன்னிக்குச் சரக்கு போகணும்னு முதலாளி கத்தினா?"

"கத்தட்டும் மேடம். உள்ள உக்காந்து தைக்கிற அத்தனை பொண்ணுங்களும் சாயங்காலம் முழுசா வீடு போய்ச் சேரணும். அதுக்குத்தானே என்னை அங்க வைக்கப் போறீங்க?"

முதலில் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. பிறகு யோசித்துப் பார்த்தார். அவள் சொன்னதில் ஒரு குறை கண்டுபிடிக்க முடியவில்லை. குரல் உயரவில்லை, நடுங்கவும் இல்லை. தினம் அவரைச் சாப்பிடக் கூப்பிடுகிற அதே குரல்தான். அந்தக் குரலுக்கு எப்பேர்ப்பட்ட முதலாளியும் அடங்கித்தான் ஆக வேண்டும் என்று பட்டது. நெஞ்சு விம்மியது. தெருவுக்கே கேட்கும்படி கூவ வேண்டும் போல் இருந்தது. கூவினால் தேர்வு போய்விடும். வலது கை மரத்துப்போக, அசையாமல், இடது கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டார்.

கேள்விகள் ஒருவழியாக முடிந்தன. "தேறிட்டீங்கம்மா. ரொம்ப நல்லாச் சொன்னீங்க" என்றார் அம்மையார். "உங்க வீட்டுக்காரர் இப்பப் பேசலாம். பாவம், என்ன சொல்லணும்னு துடிக்கிறாரோ?"

ஒட்டுக்களைப் பற்றி அவர் சேர்த்து வைத்திருந்த விளக்கமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"அது என் பொண்டாட்டிங்க மேடம்!" என்று வென்டிலேட்டர் வழியாகக் கத்தினார்.

தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அம்மையார் சிரிப்பது வெளியே வரை கேட்டது.

"அவங்களுக்கு அது தெரியும்ங்க" என்றாள் மனைவி, உள்ளேயிருந்து. "அதான் முடிஞ்சுதே, கையை இறக்குங்க."

அவர் இறக்கவில்லை. அம்மையார் இன்னும் அவளைப் பாராட்டிக்கொண்டிருந்தார். அது பாதியில் நின்றுபோக அவர் விடுவாரா?